டிவிஷன் 1 அழைப்பு கையில் இருக்கிறது, மகனோ சின்னக் கல்லூரிக்குத்தான் போவேன் என்கிறான்

டெலவேர்க்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

மகன் இந்த செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு போகிறான். சாக்கரில், அதாவது கால்பந்தில், மிட்ஃபீல்டர். ஒன்பது வயதில் கிளப்பில் சேர்த்தோம், கடைசி மூன்று வருடம் எம்எல்எஸ் (அமெரிக்கத் தொழில்முறை சாக்கர் லீக்) நடத்தும் இளையோர் லீகான எம்எல்எஸ் நெக்ஸ்டில் ஆடும் அணி. வாரத்தில் நான்கு நாள் மாலை ஐம்பது நிமிடம் கார் ஓட்டிக்கொண்டு போய் விட்டு, அதே காரில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங் பேசி, ராத்திரி சோற்றை டப்பாவில் கொடுத்துத்தான் வளர்த்தோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்று டிவிஷன்: மேலே டி1, நடுவில் டி2, கீழே டி3. இப்போது ஒரு டி1 பல்கலைக்கழகம் இடம் தருகிறேன் என்கிறது. பெரிய பெயர் இல்லை, நடுத்தரம்தான். கட்டணத்தில் கால் பங்கு ஸ்காலர்ஷிப். இன்னொரு பக்கம் இரண்டு டி3 கல்லூரிகள் கூப்பிடுகின்றன. அதில் ஒன்றில் மொத்தமே இரண்டாயிரம் பேர்தான் படிக்கிறார்கள். அவன் அங்கேதான் போவேன் என்கிறான்.

அவன் அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. “இதுக்கா இத்தனை வருஷம் ஓடினோம்” என்று இரண்டு நாள் பேசவில்லை. எனக்குப் புரியாதது ஒன்றுதான். அவனோடு ஆடிய இரண்டு பையன்கள், அவனைவிடத் திறமைசாலிகள், போன வருடம் இதே மாதிரி டி3-க்குப் போனார்கள். நன்றாக ஆடுகிற பிள்ளைகள் ஏன் கீழ் டிவிஷனைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பழைய ஸ்டாப்பர்

அக்கா, நான் பென்சில்வேனியாவில் ஒரு டி3 கல்லூரியில் நான்கு வருடம் சென்டர் பேக் ஆடியவன். உங்கள் வீட்டுக்காரர் கேட்ட அதே கேள்வியை என் அப்பாவும் கேட்டார், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கும் ஒரு டி1 அணியிலிருந்து அழைப்பு இருந்தது. போய் இரண்டு நாள் தங்கிப் பார்த்தேன். என் இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவருக்கு 23 வயது, அவருக்கு மாற்றாக இருந்தவருக்கு 22. கோச் நல்ல மனிதர், ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: “முதல் வருடம் பார்த்துக் கற்றுக்கொள், இரண்டாம் வருடம் முயற்சி செய்.” அன்று ராத்திரி அந்த அணியின் முதலாம் ஆண்டுப் பையன்களோடு ஒரே அறையில் தங்கினேன். ஐந்து பேர் இருந்தார்கள், ஐந்து பேருமே அவரவர் கிளப்பில் கேப்டனாக இருந்தவர்கள். அந்த சீசனில் ஐந்து பேரும் சேர்ந்து ஆடியது நாற்பது நிமிடம் என்று அவர்களே சொன்னார்கள். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. ஆறு வயதிலிருந்து சனிக்கிழமை என்றால் ஆட்டம் என்று வளர்ந்தவனுக்கு, சனிக்கிழமையன்று ட்ராக் சூட்டோடு பெஞ்சில் உட்காரப் போகிறோம் என்ற நினைப்பு வயிற்றைப் பிசைகிறது.

டி3-இல் என் மூன்றாவது ஆட்டத்திலேயே 90 நிமிடமும் ஆடினேன். நான்கு வருடத்தில் எழுபது ஆட்டத்துக்குப் பக்கம். கல்லூரி சீசன் ரொம்பச் சின்னது, அக்கா. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிந்துவிடும், அதற்குள் பதினேழு பதினெட்டு ஆட்டம், வாரம் இரண்டு. ஒரு சீசன் உட்கார்ந்தால் நான்கில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம், டி3 என்றதும் பலரும் மனதில் வைத்திருக்கிற படம் தவறு. பென்சில்வேனியாவின் மெசையா கல்லூரி (இப்போது பல்கலைக்கழகம்) 2000-லிருந்து 2017-க்குள் டி3 ஆண்கள் சாம்பியன் பட்டத்தை 11 முறை வென்றது. பாஸ்டன் பக்கம் டஃப்ட்ஸ் 2014-க்கும் 2019-க்கும் இடையில் நான்கு முறை. இந்த அணிகளோடு ஆடும்போது பந்து நம் காலுக்கு வந்து நிற்பதற்குள் எதிராளி மேலே வந்திருப்பான். டி3-இன் கடைசி வரிசைக்கும் முதல் வரிசைக்கும் உள்ள தூரம், டி3 முதல் வரிசைக்கும் நடுத்தர டி1-க்கும் உள்ள தூரத்தைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

டாலஸ் அப்பா

எதிர்க்கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகள் டி1-இல் இரண்டாம் வருடம் ஆடுகிறாள்.

முதல் வருடம் முழுக்க பெஞ்ச்தான். அழுதாள், நானும் அவள் அம்மாவும் ராத்திரி ராத்திரி போனில் தேற்றினோம். ஆனால் அந்த வருடம்தான் அவளை ஆட்டக்காரியாக்கியது. தினமும் பயிற்சியில் தன்னைவிட வேகமானவர்களோடு மோதுவது வேறு எங்கே கிடைக்கும்? உடல்வலிமைக்குத் தனி கோச், காயம் என்றால் அரை மணியில் பார்க்கும் பிசியோ, என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஆள், பாடம் விட்டுப்போனால் ட்யூட்டர். போன மாதம் கணுக்கால் பிசகியது, அன்று மாலையே எம்ஆர்ஐ எடுத்துவிட்டார்கள். இரண்டாயிரம் பேர் படிக்கிற கல்லூரியில் இது கிடைக்குமா?

இன்னொன்று. கல்லூரி சாக்கரில் ஒரு ஆட்டத்தில் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே எடுத்தவரை இரண்டாம் பாதியில் திரும்பவும் விடலாம். அதனால் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் இருபது நிமிடம் முப்பது நிமிடம் கிடைக்கத்தான் செய்கிறது. பதினெட்டு வயதில் மேலே ஏறிப் பார்க்காவிட்டால் அப்புறம் எப்போது? கீழே இறங்குவது எப்போது வேண்டுமானாலும் முடியும்.

அட்லாண்டா அக்கா

டாலஸ் சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெண்கள் கணக்கு வேறு, ஆண்கள் கணக்கு வேறு. நம் ஆட்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

2024-25 வரை டி1-இல் ஒரு பெண்கள் சாக்கர் அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குப் பணம் கொடுக்க முடிந்தது, ஆண்கள் அணிக்கு 9.9தான். அந்த 9.9-ஐ முப்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு மூன்றில் ஒரு பங்குதான் வரும். பெரிய வீரனுக்குப் பாதி கொடுத்தால் இன்னொருவனுக்குப் புத்தகக் காசு. “ஃபுல் ரைடு”, அதாவது முழுச் செலவையும் ஏற்கும் ஸ்காலர்ஷிப், என்று நாம் கேள்விப்படுவதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலும் கூடைப்பந்தும். ஹார்வர்டு, யேல் எல்லாம் இருக்கும் ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகமும் டி1-தான், அங்கே விளையாட்டுக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது.

2025 ஜூன் 6-ஆம் தேதி, கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கில் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்தபின் எல்லாம் மாறிவிட்டது. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு இல்லை, அதற்குப் பதில் அணியில் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு. சாக்கருக்கு 28. படிக்கும்போது நல்லதாகத் தெரியும். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் முதல் வருடத்தில் தன் வீரர்களுக்கு நேரடியாக 2 கோடி டாலருக்கு மேல் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது, அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும். சாக்கருக்குப் பணம் கூடப்போகிறது என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். 28 என்ற வரம்பால் கடைசியில் இருந்த நான்கைந்து பேருக்கு இடமே போய்விடும். அந்த நான்கைந்து பேர் பெரும்பாலும் பதினெட்டு வயதுப் பையன்கள்.

டி3-இல் ஆட்டத்துக்காகப் பணமே தரக்கூடாது என்பது விதி. கேட்டதும் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். ஆட்டத்துக்காகத் தராத பணத்தை ஆட்டம் நின்றாலும் பிடுங்க முடியாது. என் தம்பி மகன் இரண்டாம் வருடம் முழங்கால் லிகமெண்ட் கிழிந்து அதோடு ஆட்டத்தையே விட்டுவிட்டான். மதிப்பெண்ணுக்காகக் கிடைத்த உதவித்தொகை நான்கு வருடமும் அப்படியே வந்தது. டி1-இல் பல இடங்களில் அந்த ஸ்காலர்ஷிப் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியதாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் மாதிரி டி3 இடங்கள் மதிப்பெண்ணுக்காகவும் பணம் தருவதில்லை, குடும்ப வருமானத்தை மட்டும்தான் பார்க்கும். கணவன் மனைவி இருவரும் ஐடியில் இருந்தால் அங்கே கிட்டத்தட்ட முழுத் தொகை, வருடம் 80,000 டாலருக்கு மேல். செயின்ட் ஓலஃப், கேஸ் வெஸ்டர்ன், ராச்செஸ்டர் மாதிரி இடங்களில் மதிப்பெண்ணுக்கு நல்ல தொகை கிடைக்கும். இன்னும் ஹெச்-4-இல் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. அவர்கள் கவனிக்க வேண்டியது: எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், போடன் மூன்றும் வெளிநாட்டவரின் விண்ணப்பத்தைக்கூடப் பணவசதி பார்க்காமல் பரிசீலிப்பவை. மூன்றுமே டி3.

நடுக்கோடு

கலிஃபோர்னியாவில் ஒரு கிளப்பில் பதினேழு வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வருடம் பதினைந்து இருபது குடும்பங்களோடு இதே பேச்சு.

டாலஸ் அண்ணன் “மேலே ஏறிப் பார், அப்புறம் இறங்கலாம்” என்கிறார். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது, 2024-இலிருந்து எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்று ஆனது. அதிலிருந்து டி1 கோச்சுகள் ஆள் தேடும் விதமே வேறு. ஒரு கோச்சின் வேலை அடுத்த இரண்டு சீசன் முடிவைப் பொறுத்து இருக்கிறது. அவர் முன்னால் இரண்டு பேர்: பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடி நிரூபித்த இருபத்தொரு வயதுக்காரன் ஒருவன். அவர் யாரை எடுப்பார்? அதோடு ஐரோப்பாவில், ஆப்பிரிக்காவில் அகாடமிகளில் வளர்ந்து, அங்கே தொழில்முறை ஒப்பந்தம் கிடைக்காமல் வரும் வீரர்கள் ஏராளம். மார்ஷல் பல்கலைக்கழகம் 2021 மே மாதம் டி1 ஆண்கள் பட்டம் வென்றபோது அதன் பலமே அப்படி வந்தவர்கள்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை, அருமையான ஆட்டம். ஆனால் உள்ளூர்ப் பதினெட்டு வயதுப் பையனுக்கு வாசல் குறுகிவிட்டது.

என் அணியிலிருந்து ஒரு பையன் டி1-க்குப் போனான், பெயர் வேண்டாம். சேர்த்த கோச் ஜனவரியில் வேறு இடத்துக்குப் போய்விட்டார். புது கோச் வந்து ஒரே கோடையில் பதினோரு பேரைப் போர்ட்டலிலிருந்து எடுத்தார். இவனிடம் “நீ வேறு இடம் பார்த்துக்கொள்வது உனக்கு நல்லது” என்று நான்கு நிமிட வீடியோ அழைப்பில் சொல்லிவிட்டார். அவன் இறங்கத்தான் செய்தான், ஆனால் ஒரு சீசனும், படித்த பாடங்களில் பாதி கிரெடிட்டும், தன்னம்பிக்கையும் போன பிறகு. இப்போது டி3-இல் ஆடுகிறான். ஆனால் அடுத்த பந்தைக் கேட்கும் அந்தத் துணிச்சல் திரும்பி வர ஒரு வருடம் ஆனது.

பயணத்தையும் பாருங்கள். 2024-இலிருந்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் கிழக்குக் கரையின் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற லீகில் ஆடுகின்றன. பசிபிக் கரையிலிருந்து வட கரோலினா போய் ஆடிவிட்டு வந்து திங்கள்கிழமை பரீட்சை எழுத வேண்டும். நியூ இங்கிலாந்தின் நெஸ்காக் என்ற டி3 லீகில் பதினொரு கல்லூரி, பஸ்ஸில் போய்விட்டு அன்று ராத்திரியே பெரும்பாலும் திரும்பிவிடலாம்.

இடது விங்

நான் இப்போது டி3-இல் மூன்றாம் வருடம் ஆடுகிறேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுதத் தயக்கம், ஆனால் ஆடுகிறவர் பக்கமிருந்து யாராவது சொல்ல வேண்டும்.

எனக்கு இரண்டு டி1 அழைப்பு இருந்தது. ஒரு இடத்தில் “செவ்வாய் வியாழன் மதியம் லேப் இருக்கும் பாடம் எடுக்காதே, பயிற்சி நேரம்” என்றார்கள். நான் உயிரியல் படிக்க நினைத்தவள், செவ்வாய் வியாழன் லேப் இல்லாமல் எப்படி? இங்கே கோச் முதல் நாளே “லேப் முடித்துவிட்டு வா, வார்ம்-அப் தனியாகச் செய்துகொள்” என்றார். டி1-இல் வசந்த காலமும் முழுக்கப் பயிற்சிதான். இங்கே வசந்தத்தில் பயிற்சி நாட்கள் குறைவு. போன வசந்தத்தில் ஒரு செமஸ்டர் ஸ்காட்லாந்தில் படித்தேன். முதல் வருட வசந்தத்தில், முன்பு விட்ட பரதத்தை அம்மாவின் ஆசைக்காகத் திரும்பப் பிடித்தேன்.

சுலபமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கு எடை தூக்குகிறோம். போன அக்டோபரில் தோற்ற ஒரு ஆட்டத்துக்குப் பிறகு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யாரும் பேசவில்லை. பணத்துக்காக யாரும் இங்கே இல்லை, பிடிக்காவிட்டால் நாளைக்கே விட்டுவிடலாம். அப்படியும் நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட் குளிர் மழையில் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

டாலஸ் அங்கிள், உங்கள் மகள் சீக்கிரம் குணமாகட்டும்.

டாலஸ் அப்பா

நன்றி அம்மா. உன் பதிவை மகளுக்கு அனுப்பினேன். அவளும் லேப் விஷயத்தில் இதே கஷ்டப்பட்டாள், எங்களிடம் சொல்லவில்லை, இன்றுதான் சொல்கிறாள்.

டெலவேர்க்கரை

எல்லோருக்கும் கை கூப்பி நன்றி. எல்லாவற்றையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: டி3-க்குப் போனால் தொழில்முறையாக ஆடும் கனவு அதோடு முடிந்ததா? அவன் ஆசையை நாமே அடைப்பது போல ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார். கோபத்துக்குப் பின்னால் இருந்தது இதுதான் என்று இன்றைக்குத்தான் எனக்கே தெரிகிறது.

நடுக்கோடு

அவரிடம் இதைச் சொல்லுங்கள். கிறிஸ் வொண்டலோவ்ஸ்கி வடக்குக் கலிஃபோர்னியாவில் சிக்கோ ஸ்டேட் என்ற டி2 கல்லூரியில் ஆடியவர். 2005-இல், எம்எல்எஸ் கிளப்புகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் துணை டிராஃப்டில் 41-வது ஆளாக எடுத்தார்கள், முதல் நான்கைந்து வருடம் ஓரமாகவே இருந்தார். 2012-இல் ஒரே சீசனில் 27 கோல். ஓய்வு பெறும்போது 171 கோல், எம்எல்எஸ்ஸில் அதுவரை யாரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. கிளின்ட் டெம்ப்சி தென் கரோலினாவின் ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். அது டி1-தான், ஆனால் மிகச் சின்ன இடம். அங்கிருந்து போய் அமெரிக்க அணிக்கு 57 கோல் அடித்தார்.

இதைக் காட்டி ஆசை மூட்ட நான் விரும்பவில்லை. இவர்கள் விதிவிலக்கு. தொழில்முறைக்குப் போகப்போகும் பையன்களை எம்எல்எஸ் கிளப்புகள் பதினாறு பதினேழு வயதிலேயே கையெழுத்து வாங்கிவிடுகின்றன. 2022-இல் எம்எல்எஸ்ஸுக்குக் கீழே எம்எல்எஸ் நெக்ஸ்ட் ப்ரோ என்ற தொழில்முறை லீக் வந்தபின் அந்த வயதுக்காரர்களுக்கு அங்கேயே ஆட இடமும் இருக்கிறது. பதினேழு முடிந்தும் அந்த அழைப்பு வராத பையனுக்கு டி1 நடுத்தர அணியின் பெஞ்ச் அதைக் கொண்டுவராது. கொண்டுவந்தால் ஆடிய நிமிடங்கள்தான் கொண்டுவரும். உங்கள் மகன் வாழ்க்கையில் முழு மனதோடு ஆடப்போகும் கடைசி நான்கு வருடம் இதுவாக இருக்கலாம். அவன் அதை எண்ணிப் பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டாலஸ் அப்பா

நான் இன்னும் டி1 பக்கம்தான், ஆனாலும் ஒரு விஷயத்தை இரு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சின்னக் கல்லூரி என்றால் அதன் கணக்குப் புத்தகத்தையும் பாருங்கள். அலபாமாவில் பர்மிங்ஹம்-சதர்ன் என்ற டி3 கல்லூரி 2024 மே 31 அன்று நிரந்தரமாக மூடியது. அன்றைக்கு அதன் பேஸ்பால் அணி தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. மாணவர் எண்ணிக்கை சரிகிறதா, நிதி இருப்பு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். பெரிய இடமும் நிரந்தரம் இல்லை, சின்சினாட்டி 2020 ஏப்ரலில் ஆண்கள் சாக்கரையே நிறுத்திவிட்டது. ஆனால் அங்கே பிள்ளைகளுக்குப் பட்டம் வாங்கப் பல்கலைக்கழகமாவது இருந்தது.

பழைய ஸ்டாப்பர்

அண்ணன் சொன்னது முக்கியம். அதோடு ப்ரீ-ரீட் என்று ஒன்று உண்டு, ஜூலையில் தொடங்கும். மகனின் மதிப்பெண் பட்டியலை கோச் அட்மிஷன் அலுவலகத்தில் கொடுத்து, இவன் தேறுவானா என்று முன்கூட்டியே கேட்பார். நெஸ்காக் மாதிரி இடங்களில் கோச்சின் ஆதரவு இருந்தால் அட்மிஷனில் பெரிய பலம், நம் பிள்ளைகளில் பலர் இதற்காகவே டி3-ஐப் பார்க்கிறார்கள். ஆனால் ஆதரவு என்பது அட்மிஷன் கடிதம் இல்லை. எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பத்தைப் போடச் சொல்வார்கள், கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டும். அதற்கு முன்னால் நிதி உதவிக்கும் ப்ரீ-ரீட் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கோச்சைப் பார்க்கும்போது, போன வருடம் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் அணியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவன் ஆடும் இடத்தில் ஆடுகிறவர்கள் எந்த வருடம் படிக்கிறார்கள் என்று இணையத்தில் ரோஸ்டரை (அணிப் பட்டியலை) திறந்து நீங்களே எண்ணிவிடலாம். முடிந்தால் ஒரு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

டெலவேர்க்கரை

அக்டோபர் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும். மூன்று பேரும் போய் ஒரு ஆட்டம் பார்த்தோம். கணவர் வரமாட்டேன் என்றவர், கடைசியில் அவரே கார் ஓட்டினார். கூட்டம் முந்நூறு பேர்கூட இருக்காது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அவர் என் பக்கம் திரும்பி “இவனுங்க நல்லா ஆடுறானுங்களே” என்றார். பிறகு ஆட்டம் முடியும்வரை வாயே திறக்கவில்லை.

நீங்கள் சொன்ன கேள்வியை அவரே கோச்சிடம் கேட்டார். போன வருடம் சேர்ந்தது ஏழு பேர், இருப்பது ஆறு பேர். போனவர் ஏன் போனார் என்றும் கோச் சொன்னார், படிப்புக்காகத்தான். மகன் ஆடும் இடத்தில் ஆடுகிற இரண்டு பேர் அடுத்த வசந்தத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நிதி ப்ரீ-ரீட் வந்தது, டி1 தருவதாகச் சொன்ன கால் பங்கைக் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வருடம் மூவாயிரம் டாலர்தான் வித்தியாசம். கல்லூரி நிதி நிலைமையும் தேடிப் பார்த்தோம், டாலஸ் அண்ணா, பயப்பட ஒன்றும் இல்லை.

நவம்பரில் எர்லி டிசிஷன் போடுகிறான். நேற்று டி1 கோச்சுக்கு அவனே போன் செய்து சொன்னான். மின்னஞ்சல் போதுமே என்றேன், வேண்டாம், குரலில்தான் சொல்ல வேண்டும் என்றான். இரண்டு நிமிடம்தான் பேசினான், கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அந்த கோச்சும் பெருந்தன்மையாக வாழ்த்தினார். அப்புறம் ஐந்தரை மணிக்குப் பயிற்சி, அவன் அப்பா டப்பாவில் சோறு கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.